கொட்டாவி மேடு இருக்கும் இடம்

இந்த வேலையில் நான் செய்த முதல் திருத்தம், ஒரு மருமகள் எங்கள் ஊருக்கு வராமல் தடுத்தது.

பழைய நாடகப் புத்தகம் ஒன்றைக் கணினியில் ஏற்றியிருந்தார்கள். அதில் ஒரு மாமியார் பக்கத்துக்குப் பக்கம் மருமகளைப் பார்த்து ‘போடி, போடி’ என்று விரட்டுகிறாள். கணினிக்கு அது வசவு என்று தெரியவில்லை. போடிநாயக்கனூரை எல்லோரும் போடி என்றுதான் சொல்கிறார்கள் என்பதை மட்டும் யாரோ அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் மாமியார் வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சொல்லுக்கு மஞ்சள் பூசி, பக்கத்திலிருந்த வரைபடத்தில் எங்கள் ஊரின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தது. ஒரு புள்ளியைத் தொட்டுப் பார்த்தால் மாமியார் வாய் வார்த்தை முழுசாக வந்தது. நான் ஒவ்வொன்றாக அழித்தேன். அழிப்பதற்குக் காரணம் கேட்டு ஒரு கட்டம் திறந்தது. ‘இங்கே மாமியார் மருமகளை விரட்டுகிறார், பஸ் ஏற்றிவிடவில்லை’ என்று எழுதினேன்.

மறுநாள் சென்னையிலிருந்து ஒருங்கிணைப்பாளர் மேடம் செய்தி அனுப்பியிருந்தார். ‘திருத்தம் சரி. காரணம் சுருக்கமாக இருக்கட்டும்.’

நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். படிப்புக்கேற்ற வேலை அமையாமல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கூடப் படித்த தோழி சொல்லித்தான் இது வந்தது. பழைய நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் படம் எடுத்து, கணினியை வாசிக்க வைத்து, அதில் வரும் இடப்பெயர்களை வரைபடத்தோடு இணைக்கும் திட்டம். கணினி முதலில் தன் போக்கில் பெயர்களைக் குறித்துவிடும். தப்பை எடுத்து, விட்டதைச் சேர்ப்பது என் சோலி. வீட்டு மாடியறையில் உட்கார்ந்தே செய்யலாம்.

எங்கள் வட்டாரத்து ஊர்களுக்கு ஒரு ராசி உண்டு. பாதிக்குப் பாதி, பெயருக்கு வேறு பொருளும் இருக்கும். கோயில் மண்டபத்தில் நாலு கம்பம் நட்டால் கணினி நாலையும் கம்பத்துக்குக் கொண்டுபோனது. பூவில் தேனி மொய்த்தால் மாவட்டத் தலைநகரே போய் மொய்த்தது. கும்பகோணத்துப் பக்கத்து ஓதுவார் ஒருவர் காலையும் மாலையும் தேவாரம் பாடுகிறார் என்று ஒரு நூலில் வந்தது. வரைபடத்தில் பார்த்தால் அந்த மனுஷன் தினமும் இரண்டு வேளை மலையடிவாரத்துத் தேவாரத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்.

இதை என் அண்ணனிடம் சொன்னேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தேவாரத்துக்கு ரெண்டு வேளையும் வர்றது ஆனை மட்டுந்தான் ஆத்தா. அதுவும் கரும்பு இருந்தாத்தான்.”

அண்ணன் போடியிலிருந்து குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டுகிறான். அடுத்த தெருவில் வீடு. மதிய ட்ரிப் முடிந்ததும் என் வீட்டில்தான் சாப்பாடு. அண்ணி தையல் கடைக்குப் போய்விடுவதால் அப்படி ஒரு ஏற்பாடு. மலைப் பாதையில் அவனுக்குத் தெரியாத கல் கிடையாது. ஆனால் அவனிடம் ஒரு குணம் உண்டு. யார் என்ன கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வராது. பொட்டிபுரம் மலைக்குள் கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்க ஆய்வுக்கூடம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட சமயம், ஜீப்பில் வந்த வெளியூர்க்காரர் ஒருவர் அது எப்படி இருக்கும் என்று கேட்டாராம். “ரெண்டு லோடு நானே ஏத்தி எறக்கியிருக்கேன் சார். கனமே இருக்காது” என்று சொன்னவன் இவன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாது. சின்ன வயதிலிருந்து இந்த முகத்தைப் பார்த்து ஏமாந்தவள் நான். இன்னும் எனக்குப் பழகவில்லை.

மலையடிவாரத்திலேயே இருக்கிறேன் என்பதால் மேடம் எனக்கு ஒரு நாட்குறிப்பை அனுப்பினார். ஏலத்தோட்டம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர், போடியிலிருந்து குரங்கணி வழியாக மலைக்கு நடந்து போய்வந்ததை எல்லாம் நுணுக்கி எழுதி வைத்திருந்தார். எங்கே அட்டை கடித்தது, எந்தப் பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோறு தின்றார், எந்த ஓடையில் செருப்புப் போனது எல்லாம் இருந்தது. பெரும்பாலான பெயர்கள் இன்றும் புழக்கத்தில் இருப்பவை. ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கணினி அதை ‘அடையாளம் தெரியாத இடம்’ என்று சாம்பல் நிறத்தில் விட்டிருந்தது.

‘கொட்டாவி மேட்டில் மழைக்கு ஒதுங்கினோம்.’

இன்னும் இரண்டு இடங்களில் வந்தது. ஒன்றில், கொட்டாவி மேட்டில் மூட்டைகளை இறக்கி வைத்தார்கள். மற்றொன்றில் எழுத்தர் அங்கே காய்ச்சலோடு ஒரு நாள் படுத்துக்கிடந்தார்.

சந்தேகம் வந்தால் மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது விதி. எங்கள் வீட்டு இணையத்தில் ஒரு படம் திறப்பதற்குள் உலை கொதித்துவிடும். கொட்டாவி என்பதும் நல்ல தமிழ்ச் சொல்தான். கணினி தப்பாக வாசித்தால் வாயில் நுழையாத ஏதாவது ஒன்று வரும், இது அப்படியில்லை. நான் படத்தைத் திறக்கவில்லை. கீழே இறங்கிப் போய் அண்ணனைக் கேட்டேன்.

“ஏண்ணே, குரங்கணிப் பக்கம் கொட்டாவி மேடுன்னு ஒண்ணு இருக்கா?”

அவன் ரசத்துக்கு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். “இருக்கே. குரங்கணிக்கு முன்னாடி ஒரு ஏத்தம் வருதுல்ல, எலவமரம் சாஞ்சு நிக்கிற வளைவு. அதுதான்.”

“அதுக்கு ஏன் அந்தப் பேரு?”

“விடியுமுன்ன போடியில கெளம்புறவங்களுக்கு அந்த எடம் வரும்போதுதான் கொட்டாவி வரும். மொத ஆளு விட்டா வண்டி பூராம் விடும். அந்தக் காலத்துல நடந்து போனவங்களுக்கும் அப்படித்தான இருந்திருக்கும்.”

“நெசமாவா?”

“நான் எதுக்குத்தா ஒங்கிட்டப் பொய் சொல்லப்போறேன். மோரு கொண்டா.”

மோர் ஊற்றிவிட்டு மேலே போனேன். வளைவைத் தேடி வரைபடத்தில் புள்ளி வைத்தேன். காரணக் கட்டத்தில் ‘உள்ளூர் வாய்மொழித் தகவல்: விடியலில் ஏறுபவர்களுக்கு இங்கே கொட்டாவி வரும்’ என்று எழுதினேன். சுருக்கமாகவும் இருந்தது. சாம்பல் நிறம் பச்சையாக மாறியதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து மேடம் போனில் கூப்பிட்டார். அவர் சாதாரணமாகக் கூப்பிடுகிறவர் அல்ல.

“ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க. இங்க இருந்து யாராலயும் இதைக் கண்டுபிடிச்சிருக்க முடியாது. அடுத்த கருத்தரங்கத்துல இதைத்தான் காட்டப் போறேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை நேர்ல வந்து படம் எடுத்துக்கறேன். ரெண்டு வாரத்துல வர்றேன், அழைச்சிட்டுப் போவீங்களா?”

“வாங்க மேடம். எங்க அண்ணன் ஜீப்பு இருக்கு” என்றேன்.

அன்று மதியம் அண்ணனிடம் சொன்னபோது, வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

“மெட்ராஸ்லருந்தா? இதுக்குன்னேவா?”

“ஆமா.”

அவன் கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். “அப்படி ஒரு எடமே இல்லத்தா.”

“என்னது?”

“நீ கேட்டே. இல்லைன்னு சொன்னா மொகம் வாடிருவே. எலவமரத்து ஏத்தத்துக்குப் பேரு கெடையாதேன்னு தோணுச்சு. வச்சேன்.”

நான் அவனைத் திட்டிய திட்டு எதுவும் எந்த நூலிலும் ஏறாது. அப்போதே மேடத்தைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். போனை இரண்டு தடவை எடுத்தேன். ‘யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது’ என்று அவர் சொன்ன குரல் காதில் இருந்தது. போனை வைத்துவிட்டேன். இதில் அண்ணனைவிட என் குற்றம்தான் பெரிது என்று எனக்குத் தெரியும். அவன் விளையாட்டுக்குச் சொன்னான், நான் தெரிந்தே சும்மா இருந்தேன்.

அண்ணனோ கை கழுவிவிட்டு வந்ததும் தெளிந்துவிட்டான். “எடம் அங்கனதான் இருக்கு. பேருதான இல்ல. ரெண்டு வாரம் இருக்குல்ல, வெரசாப் பழக்கி விட்ருவோம்.”

குரங்கணி லைனில் ஓடும் மற்ற ஜீப்புக்காரர்களிடம் அவன் என்ன சொன்னானோ தெரியாது. இதைவிடச் சுவாரசியமான வேலை அவர்களுக்கு அந்த மாதம் வேறு இருந்திருக்காது. மூன்றாம் நாளே, “கொட்டாவி மேடு யாரும் எறங்குறீகளா?” என்று வளைவுக்கு வளைவு கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் சிரித்திருக்கிறார்கள், பிறகு அவர்களும் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். ஒருநாள் காய்கறி வாங்கப் போன இடத்தில், எனக்கு முன்பின் தெரியாத ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம், “கொட்டாவி மேட்டுக்கு அங்கிட்டு ஒரு மாந்தோப்பு வெலைக்கு வருதாம்” என்று சொன்னதைக் கேட்டேன். தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

மேடம் ஒரு சனிக்கிழமை விடியற்காலை மதுரை பஸ்ஸில் வந்து இறங்கினார். போனில் கேட்ட குரலுக்கு நான் உயரமான, கறாரான ஒருவரை நினைத்து வைத்திருந்தேன். வந்தவர் என் தோளுக்கு இருந்தார். முதுகில் பெரிய பை, தலையில் துணித்தொப்பி. வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு, “போயிட்டு வந்து சாப்பிடலாமே, வெளிச்சம் நல்லா இருக்கு” என்றார்.

அண்ணன் அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டிருந்தான். அவர் கேட்டதற்கெல்லாம் “ஆமாங்க மேடம்”, “இல்லைங்க மேடம்” என்று இரண்டே சொற்களில் பதில் சொன்னான். அவன் இவ்வளவு அடக்கமாக இருந்து நான் பார்த்ததில்லை. பின்னால் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எலவமரத்து ஏற்றம் வந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. முதலில் பின்னால் ஒரு பெண் கொட்டாவி விட்டாள். அடுத்தவள் விட்டாள். பிறகு, ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த மேடம், தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நன்றாக வாயைத் திறந்து ஒன்று விட்டார். எனக்கும் வந்தது.

“அடடா, உண்மையாவே வருதே” என்றார் மேடம்.

“காத்து அப்படிங்க மேடம்” என்றான் அண்ணன்.

அங்கே நாங்கள் மட்டும் இறங்கினோம். வேலைக்குப் போகிறவர்களைக் குரங்கணியில் விட்டுவிட்டு வருவதாக அண்ணன் போனான். மேடம் சாய்ந்த இலவமரத்தையும் வளைவையும் பல பக்கம் நின்று படம் எடுத்தார். அப்போது மேட்டுப் பக்கத்து ஒற்றையடிப் பாதையிலிருந்து ஒரு அம்மா ஆட்டுக்குத் தழை ஒடித்துத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். மேடம் வணக்கம் சொல்லி, “இந்த இடத்துக்கு என்னம்மா பேரு?” என்று கேட்டார்.

அவரிடம் யாரும் பேசி வைத்திருக்கவில்லை.

“கொட்டாவி மேடு” என்றார் அந்த அம்மா.

“எப்போதிருந்து அந்தப் பேரு?”

“எங்க மாமனாரு காலத்துலருந்தே அப்படித்தான். ஒரு கரடி இந்த மரத்தடியில ஒக்காந்து கொட்டாவி விட்டுக்கிட்டே இருந்துச்சாம். ஆளு வந்தாலும் எந்திரிக்காதாம்.”

மேடம் நோட்டை எடுத்துக் கரடியை எழுதிக்கொண்டார். “உங்க குறிப்புல வேற காரணம் இருந்ததே. இரண்டு கதை கிடைச்சிருக்கு, ரொம்ப நல்லது” என்றார் என்னிடம். ஒரு பொய்யைக் காப்பாற்ற நாங்கள் பட்ட பாடு போதாதென்று, அந்த அம்மா தன் பங்குக்கு ஒரு கரடியையும் இலவசமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

அண்ணன் திரும்பி வந்தான். மேடம் ஜீப்பின் முன்பக்கத்தில் தன் டேப்லெட்டை வைத்து, “கருத்தரங்கத்துக்கு மூலப் பக்கத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல போடணும். பக்கத்தை இறக்கி வச்சிருக்கேன், வரி எங்கேன்னு காட்டுங்க” என்றார்.

நான் அந்தப் பக்கத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். பழுப்புத் தாள், சாய்வான கையெழுத்து. ‘மழைக்கு ஒதுங்கினோம்’ கண்ணில் பட்டது. அதற்கு முன்னால் ‘மேட்டில்’, அதற்கும் முந்தைய சொல்லில் விரலை வைத்தேன். வைத்த விரலை எடுக்க முடியவில்லை.

அது கொட்டாவி இல்லை. கொட்டகை.

‘கை’யின் முன்னால் வரும் இணைக்கொம்பை எழுத்தர் அவசரத்தில் ஒரே சுழியாக இழுத்திருந்தார். கணினி அதை ட-வுக்குப் பின்னால் வரும் கால் என்று எடுத்துக்கொண்டது. க-வின் வாலை மேலே வளைத்திருந்தார். அது ‘வி’ ஆகிவிட்டது. தமிழ் தெரிந்த எவரும் படத்தைப் பார்த்தால் ஒரு நொடியில் கொட்டகை என்று வாசித்துவிடுவார்கள். மழைக்கு ஒதுங்குவதும், மூட்டை இறக்குவதும், காய்ச்சலோடு படுப்பதும் கொட்டகையில்தான் நடக்கும். கொட்டாவியில் எப்படி ஒதுங்குவது என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

மேடமும் வாசித்துவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“இந்தப் படத்தை நீங்க பார்த்தீங்களா?”

“இல்லை மேடம்.” அதோடு நிறுத்த முடியவில்லை. அண்ணன் பேர் வைத்ததையும், தெரிந்த பிறகும் நான் சும்மா இருந்ததையும், ஜீப்புக்காரர்கள் பழக்கிவிட்டதையும் வரிசையாகச் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுகை வந்தது. அண்ணன் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மேடம் தன் நோட்டைத் திறந்து பார்த்தார். பிறகு கேட்டார்: “அப்ப கரடி?”

“கரடி எங்களுதில்லைங்க மேடம்” என்றான் அண்ணன் அவசரமாக. “அது அந்த அம்மாவாப் போட்டது.”

மேடம் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்தபோது முகம் பழையபடி ஆகியிருந்தது. “தெரியலைன்னா சாம்பல் நிறத்துலயே விட்டுடுங்க. அதுல ஒரு அவமானமும் இல்லை. தப்பான பச்சைதான் எனக்குப் பிரச்சினை” என்றார். அதைத் திட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு நன்றாக உறைத்தது.

பிறகு அண்ணனிடம் திரும்பினார். “கொட்டகை மேடுன்னு எங்கேயாவது இருக்கா?”

அண்ணன் வாயைத் திறந்தான். நான் பார்த்தேன். மூடினான். “தெரியாதுங்க மேடம்.” அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தழைக்கட்டு அம்மா இன்னும் போகவில்லை. கட்டை இறக்கி வைத்துவிட்டு நாங்கள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “கொட்டகையா? இந்தா, நான் எறங்கி வந்த பாதையில மேல போனா இருக்கு. காய் ஒணத்துற கொட்டகை அந்தக் காலத்துல. இப்பச் செவுருதான் நிக்கிது. எங்க ஆடு அங்கனதான் மேயும்.”

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார் மேடம்.

“நீங்க இந்த எடத்தத்தான கேட்டீக” என்றார் அவர்.

அரைமணி நேரம் ஏறினோம். மாமரங்களைத் தாண்டி ஒரு சமதளம். மூன்று பக்கம் இடுப்புயரத்துக்குக் கல்சுவர், நடுவில் உன்னிச்செடி மண்டிக்கிடந்தது. மலைமேல் ஓயாத மழை. பச்சை ஏலக்காயைக் கோவேறு கழுதைகளில் இறக்கி, வெயில் கிடைக்கும் இந்த மட்டத்தில் வைத்து உலர்த்தியிருப்பார்கள் என்று அண்ணன் சொன்னான். சொல்லிவிட்டு, “இது என் நெனப்புத்தான், எழுதிக்கிறாதீங்க” என்று சேர்த்துக்கொண்டான். மேடம் ஒரு மூலையில் போய் நின்றார். காய்ச்சலோடு எழுத்தர் அங்கேதான் எங்கேயோ படுத்திருக்க வேண்டும். ஒரு வெள்ளாடு சுவரின் மேல் ஏறி நின்று எங்களைப் பார்த்தது. மேடம் அதையும் சேர்த்துப் படம் எடுத்தார். அங்கிருந்தே நான் மேடத்தின் டேப்லெட்டில் பழைய புள்ளியை அழித்துப் புதியதை வைத்தேன். அந்த உயரத்தில் இணையம் எங்கள் வீட்டைவிட நன்றாக எடுத்தது.

வீட்டுக்கு வந்து மேடம் மூன்று தோசை சாப்பிட்டார். என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு திருத்தத்திலும் படத்தைத் திறந்தால்தான் கட்டமே திறக்கும்படி மென்பொருளை மாற்றிவிட்டார். எனக்காகத்தான் மாற்றினார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது.

ஆனால் எலவமரத்து ஏற்றம் எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. மழைக்காலம் முடிவதற்குள், எல்லோரும் போனில் பார்க்கும் வரைபடத்தில் அந்த வளைவுக்கு யாரோ ‘கொட்டாவி மேடு’ என்று பெயர் போட்டுவிட்டார்கள். கீழே ஒருவர், ‘குடும்பத்தோடு வரலாம், அமைதியான இடம்’ என்று எழுதியிருந்தார். மேடம் அதைப் படம்பிடித்து எனக்கு அனுப்பி, “இது உங்க அண்ணனா?” என்று கேட்டார். விசாரித்தேன். அண்ணன் போனில் அவனுக்குத் தெரிந்தது பேசுவதும் வீடியோ பார்ப்பதும்தான். அவன் இல்லை.

அதன்பிறகு மேடம் அந்தப் பெயரையும் எங்கள் இடப்பெயர்ப் பட்டியலில் தனியாகச் சேர்த்தார். பழைய நூல் எதிலும் இல்லாதது, இப்போது மக்கள் வழக்கில் இருப்பது என்ற குறிப்போடு. அண்ணன் சாப்பிட வந்தபோது அந்தப் பதிவை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். ‘பெயர்க் காரணம்: உறுதியில்லை’ என்று முடிந்திருந்தது.

“உறுதியில்லையா? வச்சதே நாந்தானத்தா. எங்கிட்டக் கேட்டா உறுதியாச் சொல்வேன்ல.”

“அதனாலதாண்ணே கேக்கல” என்றேன்.

அவன் அன்று சோறு வேண்டாம் என்று எழுந்துவிட்டான். வாசல்வரைக்கும் போய், என்ன குழம்பு என்று கேட்டுவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தான்.